இது வானிலையா, காலநிலையா? ஏரலுக்கு ஒரு பயணம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. மாசி பிறந்த முதல் வாரம், புதன்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது ராணி கூப்பிட்டாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஏளா கோமதி, நீ எத்தன வருஷம் புவியியல் பாடம் எடுத்த?"

"இருபத்தொன்பது வருஷம். ஏன்?"

"அப்ப ஒண்ணு சொல்லு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால டிசம்பர்ல எங்க கடைக்குள்ள ஆறு வந்துச்சே, அது வானிலையா, காலநிலையா?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வானிலைன்னா எப்பவோ ஒரு தடவ வந்துட்டுப் போனது. நான் இங்கனயே இருந்துக்கிடுவேன். காலநிலைன்னா இனிமே இப்படித்தான்னு அர்த்தம். கடைய வித்துட்டு மகன்கிட்ட போயிருவேன். திங்கக்கெழம சாயந்தரம் வாங்குத ஆளு வாரான். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

ராணியும் நானும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் புவியியல் படித்தவர்கள். நான் சென்னைக்கு வந்து ஆசிரியை ஆனேன். அவள் ஏரலில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவர் தவறி ஆறு வருடமாகிறது. மகன் கத்தாரில். கடையை அவள்தான் நடத்துகிறாள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் துணி எல்லாம் போய், மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். அதில்கூட அவள் தளரவில்லை. போன மழைக்காலத்தில் பலத்த மழை எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னதும், கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு சேர்ந்து மூன்று நாள் எல்லாச் சரக்கையும் மாடிக்குச் சுமந்தாள். மழை வரவில்லை. மூன்று நாள் எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். அந்த ஆறு நாளில்தான் தளர்ந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் முத்துநகர் விரைவு வண்டியைப் பிடித்தேன். சாதாரணப் படுக்கை வகுப்பு, 410 ரூபாய். கடைசி நேரத்தில் எடுத்ததால் மேல் படுக்கைதான் கிடைத்தது. ஐம்பத்து மூன்று வயதில் மேல் படுக்கை ஏறுவது பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். சனிக்கிழமை காலை 6.50-க்கு தூத்துக்குடி. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அந்தக் காற்று முகத்தில் பட்டது. உப்பும் மீனும் டீசலும் கலந்த வாசனை. முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அது மாறவில்லை. கண் கலங்கியது என்று சொன்னால் ராணி கேலி செய்வாள், அதனால் தூசி என்று சொன்னேன்.

அவள் காலை ஐந்தரைக்கே ஏரலில் இருந்து புறப்பட்டு வந்திருந்தாள். வாடகைக் கார், நாள் முழுக்க 2,400 ரூபாய், டீசல் சேர்த்து. ஓட்டுநர் சாகுல், காயல்பட்டினத்துக்காரர், எட்டு வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லியும் பூரியும் சாப்பிட்டோம். மூன்று பேருக்கும் 190 ரூபாய். சாப்பிடும்போதே ராணி, "மொதல்ல காலேஜுக்குப் போவோம்" என்றாள்.

"அங்க எதுக்கு?"

"நம்ம எழுதுன நோட்டு இருக்கும்லா. அதுல பாத்துச் சொல்லு."

எங்கள் கல்லூரியில் புவியியல் துறைக்குப் பின்னால் ஒரு மழைமானி உண்டு. தினமும் காலை எட்டரை மணிக்கு இரண்டு மாணவிகள் போய், உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று வருடமும் அந்த வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் எங்கள் முறை. தூத்துக்குடியில் மழை அளப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. ஜூனில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும், மேற்கே மலைக்கு அந்தப்பக்கம் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டி எங்களுக்கு வந்து சேர்வது வறண்ட காற்று மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்காற்று கொண்டுவரும் மழைதான் எங்கள் பங்கு. மற்ற மாதங்களில் பக்கம் பக்கமாக 0.0 என்று எழுதிக்கொண்டே இருப்போம்.

துறையில் ஓர் இளம் விரிவுரையாளர் இருந்தார். பழைய மாணவிகள் என்றதும் நாற்காலி போட்டு, பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். நீல அட்டை, நூல் பிரிந்த முதுகு. எங்கள் இரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பினேன். வரிசையாகப் பூஜ்யங்கள். நடுவில் ஒரு நாள் மட்டும், என் கையெழுத்தில், 7.0.

ராணி என் கையைக் கிள்ளினாள். விரிவுரையாளர் எட்டிப் பார்த்துவிட்டு ஆர்வமாகச் சொன்னார்: "அந்த ஆகஸ்ட் மழையா? போன வருஷம் எங்க ஸ்டூடன்ட் ஒருத்தி ப்ராஜெக்ட்ல அத தனியா குறிப்பிட்டு எழுதினா மேடம். அபூர்வமான வெப்பச்சலன மழைன்னு."

அதற்கு மேல் ராணியால் அடக்க முடியவில்லை. "அது மழ இல்லம்மா. நாந்தான்."

உண்மை அதுதான். பூஜ்யம் எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் காலை ராணி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மழைமானிக்குள் கொஞ்சம் சாய்த்துவிட்டாள். நானும் ஒழுங்காக அளந்து எழுதிவிட்டேன். பேராசிரியர் வியந்துபோய், "எங்க தெருவுல ஒரு தூத்தல்கூட இல்லையே" என்றார். ராணி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "காலேஜ்ல மட்டும் பெஞ்சிச்சு சார்" என்றாள். அவர் நம்பினார். நாங்கள் மூன்று நாள் விடுதியில் சிரித்தோம்.

விரிவுரையாளர் மேஜையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஏதோ குறித்தார். "சராசரியே தப்பாயிருச்சு போங்க" என்றார்.

"ரொம்ப இல்ல" என்றேன். ஆசிரியைப் புத்தி எங்கே போகும்? முப்பது வருட ஆகஸ்டுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், இந்தப் பொய்யால் வரும் பிழை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒருநாள் என்ன பெய்தது என்பது வானிலை. முப்பது வருடம் அந்த இடத்தில் என்னவெல்லாம் பெய்தது, எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு கூடிக் குறைந்தது என்று சேர்த்துப் பார்த்தால் தெரிவது காலநிலை. ஒரு நாள் அதில் கரைந்துபோகும்.

ராணியின் சிரிப்பு நின்றது. "அப்ப அந்த டிசம்பரும் முப்பதுல ஒண்ணா கரைஞ்சிருமாளா?"

விரிவுரையாளர் எழுந்து போய்ப் புதிய பதிவேட்டைக் கொண்டுவந்தார். இப்போதும் மாணவிகள்தான் எழுதுகிறார்கள். வெள்ளம் வந்த அந்த வாரத்தைத் திறந்தார். முதல் நாள் ஒரு பெரிய எண். அடுத்த நாட்களுக்கு எதிரே எண் எதுவும் இல்லை. நீல மையில் ஒரே வரி: "ஊரில் வெள்ளம். அளக்க ஆள் வர முடியவில்லை. மழைமானி நிரம்பி வழிந்திருந்தது."

ராணி அந்த வரியின் மேல் விரலை ஓட்டி இன்னொரு முறை வாசித்தாள்.

கல்லூரியில் இருந்து கடற்கரைச் சாலை 3 கிலோமீட்டர். பனிமய மாதா கோவிலைத் தாண்டி, பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். எங்கள் காலத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேர அனுமதியில் விடுதியில் இருந்து இங்கேதான் வருவோம். கையில் ஒரு பொட்டலம் மக்ரூன், கடைசி ஒன்றை யார் தின்பது என்று சண்டை. இப்போது கால் கிலோ 240 ரூபாய்க்கு வாங்கினோம். பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை. இருவருக்கும் சர்க்கரை. முத்துக்குளிக்கும் கடல் என்று பெயர், ஆனால் முத்து எடுக்கும் படகை நாங்கள் படிக்கிற காலத்திலேயே பார்த்ததில்லை. முத்து இப்போது ரயிலின் பெயரிலும் கடைகளின் பெயர்ப்பலகையிலும் இருக்கிறது. சரக்குக் கப்பல் ஒன்று தொலைவில் அசையாமல் நின்றது. போக விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்; மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் ஆறுமுகநேரி, வண்டி மீட்டரில் 33 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று குறைவு. சாகுல் உப்பளத்துப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினார். டீ பன்னிரண்டு ரூபாய். சாலைக்கு அந்தப்பக்கம் பாத்திகளில் சேறு மிதித்துத் தரை கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓய்வுக்கு வந்து உட்கார்ந்த ஒரு பெண்மணியிடம், இப்போதுதான் வேலை தொடங்குகிறதா என்று கேட்டேன். நாற்பது வயது இருக்கும், பெயர் முத்துமாரி.

"முன்னெல்லாம் தை பொறந்ததும் மிதிக்க எறங்கிருவோம்க்கா. இப்ப மழ எப்ப நிக்கும்னு தெரியல. மாசி ஆயிருது. அந்த வெள்ளத்துல பாத்தி பூராவும் வண்டலு. அள்ளவே ஒரு வருசம் ஆச்சு."

"மறுபடி அப்படி வந்தா?"

"வந்தா மறுபடி அள்ளணும். வெயிலு எங்கயும் போவாதுல்லா."

உப்பளம் இங்கே இருப்பது காலநிலையால். வருடத்தில் பெரும்பகுதி வெயிலும் வறண்ட காற்றும் உண்டு என்று நம்பித்தான் கடல்நீரைப் பாத்தியில் கட்டுகிறார்கள். வாரி எடுத்த உப்புக் குவியலின் மேல் கீற்றுப் போட்டு மூடுவது வானிலைக்காக. நாளைக்கே ஒரு மழை வரலாம். இருபத்தொன்பது வருடம் வகுப்பில் சொன்னதைவிட நல்ல உதாரணம் கண்ணெதிரே கிடந்தது. உற்சாகமாகிக் காரில் ஏறியதும் அதை ராணியிடம் சொன்னேன். முத்துமாரியைப் போல நீயும் நம்பிக்கையோடு இரு என்றும் சேர்த்துச் சொன்னேன் போலிருக்கிறது.

"அவளுக்கு முதலு வெயிலு" என்றாள் ராணி. "எனக்கு முதலு துணி. ரெண்டும் ஒண்ணா?"

அங்கிருந்து ஏரல் 16 கிலோமீட்டர். வழியில் சாகுல்தான் பேச்சை மாற்றினார். "எங்க ஊர்ல அன்னிக்கி வாப்பா சொன்னாக, நான் பொறந்ததுல இருந்து இப்படிப் பாக்கலன்னு. நான் பாலைவனத்துல எட்டு வருஷம் மழையே இல்லையேன்னு ஏங்கிட்டு வந்தவன். வந்த வருஷமே ஆண்டவன் காட்டிட்டான்."

ராணியின் கடை கடைத்தெருவின் நடுவில். கீழே கடை, மேலே வீடு. பக்கவாட்டில் பதினெட்டுப் படி. ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்குமுன் அவள் அந்த நாட்களை எனக்குச் சொன்னாள். தொலைபேசியில் துண்டு துண்டாகக் கேட்டதுதான். அந்த இடத்தில் நின்று கேட்பது வேறு. ஒரு நாள் முழுக்க மழை. மறுநாள் காலை பத்து மணிவாக்கில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் கீழ்த்தட்டுத் துணிகளை மேல்தட்டுக்கு மாற்றினார்கள். அரைமணி நேரத்தில் மேல்தட்டுக்கும் வந்தது.

"கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்ச பட்டுச்சேல பெட்டியோட மெதந்து வாசல் வழியா போவுது. நான் படியில நின்னு பாக்கேன். பதினெட்டுல ஒம்போது படி முங்கிட்டு. ரெண்டு நாள் மாடியிலயே மூணு பேரும். பிஸ்கட்டத் தின்னுட்டு, பெஞ்ச மழையவே பிடிச்சுக் குடிச்சோம். எம் மகன் அங்கன இருந்து அடிச்சுக்கிட்டே இருந்திருக்கான். போன் செத்துப்போச்சு. நான் செத்துட்டேன்னே நெனச்சிருக்கான்."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "இப்ப சொல்லு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு தனி நிகழ்வை வைத்து நீண்டகாலப் போக்கை முடிவு செய்ய முடியாது என்று ஆரம்பித்தேன்.

"ஏளா, நான் பரிட்சைக்குக் கேக்கல."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை ஐந்து மதிப்பெண் விடையாக எழுதவைத்திருக்கிறேன்! அந்த விடையை வைத்துக்கொண்டு ஒருத்தி தன் வீட்டில் இருப்பதா போவதா என்று தீர்மானிக்க வேண்டிவரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கீழ்ப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரிந்தவரை சொன்னேன்.

"அந்த ரெண்டு நாள் பெஞ்சது வானிலைதான் ராணி. ஆனா கடல் முன்னவிடச் சூடாயிட்டு வருது. சூடான காத்து ஈரத்த நெறைய தூக்கும். அதனால பெய்யும்போது மொத்தமா கொட்ட வாய்ப்பு கூடுது. இது காலநிலை. இந்த ஊர் இன்னும் வறண்ட ஊருதான், பத்து வருஷம் தண்ணிக்கு ஏங்கினாலும் ஏங்கும். ஆனா இனிமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. எப்ப வரும்னும் சொல்ல முடியாது. அடுத்த வருஷமா, நாம இல்லாத காலத்துலயான்னு யாருக்கும் தெரியாது."

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

அவள் எழுந்து கடையைத் திறக்கப் போய்விட்டாள். அன்று மாலை தாமிரபரணிக் கரைக்கு நான் மட்டும்தான் போனேன். கடைத்தெருவில் இருந்து நடக்கிற தூரம். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர், ஒரு பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். கல்லூரி முடிந்த விடுமுறையில் ராணியின் கல்யாணத்துக்கு வந்தபோது, இதே கரையில் இருவரும் காலை நனைத்தபடி இனிமேல் தினமும் எப்படிப் பேசுவது என்று அழுதிருக்கிறோம். தினமும் என்ன, பல வருடம் ஒரு பொங்கல் வாழ்த்தோடு போயிருக்கிறது. எனக்குத் துக்கமாக இருந்தது. வெள்ளத்துக்குக்கூட நான் வரவில்லை, தொலைபேசியோடு சரி.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையை வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், பெயர் கணேசன், முப்பத்தைந்து வயது, மனைவியோடு இருசக்கர வண்டியில் வந்தார். இடம் பிடித்துவிட்டது என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. கூரையைப் பார்த்தார், ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்:

"அக்கா, இனிமே இங்கன தண்ணி வராதுல்லா?"

ராணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. காபி டம்ளரைப் பார்த்தேன். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்துவிடும். அவளைக் குறை சொல்லவும் யாராலும் முடியாது.

"வரும் தம்பி" என்றாள். "எப்பன்னு தெரியாது. அடுத்த வருஷமே வந்தாலும் வரும். நம்ம யாரும் இல்லாத காலத்துலயும் வரும்."

அதோடு நிற்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிகிற கோட்டைக் காட்டினாள். கணேசன் பக்கத்தில் போய் நின்றார். அவர் தோளைத் தாண்டி இருந்தது. அவர் மனைவி கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுதோம்க்கா" என்று எழுந்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போச்சு" என்றாள் ராணி. ஆனால் கல்லூரியில் சிரித்ததற்குப் பிறகு முதல்முறையாக அவள் தோள் இறங்கி, முகம் லேசாகியிருந்தது. "நீ சொன்னதத்தாம்ளா சொன்னேன். ஒங்கிட்ட கேக்கும்போது கோவமா வந்துச்சு. அந்தப் பையன் கேக்கும்போது, வேற என்னத்தச் சொல்லன்னு இருந்துச்சு."

அன்று மாலையே கிளம்பித் தூத்துக்குடியில் ரயிலேறினேன். ஏரலில் இருந்து பேருந்துகள் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ராணி பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். இந்தமுறை யாரும் அழவில்லை. அடுத்து எப்போது என்று மட்டும் கேட்டாள். பங்குனிக்குள் வருகிறேன் என்றேன், வந்தும் விட்டேன்.

நான் மறுபடி போவதற்குள், வந்து பார்த்த மூன்றாம் வாரத்தில் கணேசன் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அவர் சொன்னதை ராணி எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: "அக்கா, எல்லா எடமும் பாத்துட்டேன். எங்கன கேட்டாலும் தண்ணியே வராதுங்கான். நீங்க ஒருத்தர்தான் வரும்னீங்க. வெலைக்கு வேண்டாம்க்கா, கீழ மட்டும் வாடகைக்குக் குடுங்க. நமக்கு வியாபாரம் பிளாஸ்டிக் குடமும் வாளியுந்தான். வந்தா மெதக்கும். கதவப் பூட்டி வச்சா அங்கனயேதான் கெடக்கும்."

ராணிக்கு அவர் என்ன வியாபாரம் என்று கேட்கவே அன்று தோன்றவில்லையாம். மகன் கத்தாரில் இருந்து அரைமணி நேரம் கத்திவிட்டு, பிறகு சரி என்றிருக்கிறான். மாடியில் இரண்டு அறைகளை ஒன்றாக்கி அலமாரி அடித்து, ஜவுளி முழுக்க மேலே போய்விட்டது. பின் அறை ஒன்று அவள் இருக்கப் போதுமானது. இனி எச்சரிக்கை வந்தால் சுமக்க ஒன்றுமில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "மழ இருட்டுனா ராத்திரி எந்திரிச்சுத் தெருவப் பாக்கத்தான் செய்யுதேன். மத்த நாள் தூங்குதேன்" என்றாள்.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல மாதங்கள், உப்பளங்களில் வேலை நடப்பதைப் பார்க்கலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை போவதானால் அன்றன்றைய வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஊரில் மழையே பெய்யாது என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது சராசரியை. தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். ஏரலில் துணி எடுக்க நினைத்தால், கடைத்தெரு நடுவில் சிவப்பும் பச்சையுமாக வாளி அடுக்கிய கடையைத் தேடுங்கள். பக்கவாட்டில் படி இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். கீழே கணேசனிடம் சொன்னால் அவர் மேலே பார்த்து, "அக்கா, ஆளு வந்துருக்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். ராணி கை நிறையச் சேலைகளோடு இறங்கி வருவாள்.